டிரைவர் அடை வைத்த கோழி

பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விட்ட மறுநாளே அந்த வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. காரணம் வாத்து.

வாத்து விடிவதற்குள் முட்டை போட்டுவிடும். கொட்டகை, வைக்கோல், மறைவிடம் என்று எதுவும் அதற்குத் தேவையில்லை. நின்ற இடத்தில் போடும், நடக்கிற போக்கில் போடும், வாய்க்கால் தண்ணீருக்குள்ளேகூடப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அதனால் கோழிக்காரம்மா வெயில் முகத்தில் அடிக்கிற நேரம் வரைக்கும் வாத்துக் கொட்டகையைத் திறக்கமாட்டாள். உள்ளே அவை போடுகிற கூப்பாட்டில் தெருவே எழுந்துவிட்டாலும் அவள் அசையமாட்டாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஸ்கூல் வேன் டிரைவர். வருஷக்கணக்காக இருட்டோடு எழுந்து, வேனைக் கழுவி, கண்ணாடியைத் துடைத்து, பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்டுப் பழகிய உடம்பு. வேன் இப்போது என்ஜின் வேலைக்கும் பெயின்டுக்கும் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. கழுவுவதற்கு ஒன்றும் இல்லாமல் முற்றத்துக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தவர், கடைசியில் போய்க் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார். முன்னால் ஆண் வாத்து. தலையை நிமிர்த்திக்கொண்டு, வேலையாட்களைக் கூட்டிப்போகிறவன் மாதிரி நடக்கும். அதற்கு மேனேஜர் என்று பெயர். அதன் பின்னால் மற்றவை எல்லாம் வரிசையாக வாய்க்காலுக்குப் போய்விட்டன.

"யாரு தொறந்து விட்டது?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் கோழிக்காரம்மா.

"கத்திக்கிட்டே இருந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"அது கத்தத்தான் செய்யும். அதுக்காகத் தொறந்துருவீங்களா? இப்ப முட்டைய யாரு தேடுறது? நீங்களே வாய்க்கால்ல எறங்கித் தேடுங்க."

அவர் இறங்கினார். சேற்றில் துழாவிச் சிலதை எடுத்தார். கரை ஏறும்போது வெட்டவெளியில், வெறும் தரையில், வெள்ளையாகக் கிடந்த ஒரு முட்டைமேல் கால் வைத்துவிட்டார்.

"கண்ண எங்க வச்சுட்டு நடக்குறீங்க?"

"கவனிக்கல," என்றார் டிரைவர். காலைப் புல்லில் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே போலீஸ்காரி அடைக்கு வந்தது. செம்பட்டையும் கறுப்புமான கோழி அது. சாதாரண நாளிலேயே நாய் பூனை எதுவும் வேலிக்குள் தலைநீட்ட விடாது. இப்போது இறகெல்லாம் சிலிர்த்துப் பந்துபோல உப்பி, முட்டைக் கூடையை விட்டு எழாமல், கை கொண்டுபோனால் கொத்தியது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. கொக் கொக் என்று அடித்தொண்டையில் ஓயாத முனகல்.

"இந்தத் தடவ அடைய நான் வைக்கிறேன்," என்றார் டிரைவர். "நீ சொல்லு, நான் செய்றேன். சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு."

அவளுக்கு யோசனைதான். ஆனாலும் மனுஷன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைவதைவிட இது தேவலை என்று பட்டது. "அப்ப வாத்து முட்டையவே வைங்க. போலீஸ்காரி ஒடம்பு பெருசு, தாங்கும். வாத்துக்கு முட்டை போடத்தான் தெரியும். ஒரு எடத்துல உக்காரத் தெரியாது. உங்கள மாதிரி."

கோழிகளைப் பற்றி அவருக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் தட்டில் வரும் அவித்த முட்டைதான். இருந்தாலும் இறங்கிவிட்டார். உடைந்த பிளாஸ்டிக் தொட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலைக் குழியாக அமுக்கினார். முட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவப் போனவரை அவள் ஓடிவந்து தடுத்தாள்.

"கழுவாதீங்க. கழுவுனா உள்ள கெட்டுப்போயிரும். இது வேன் இல்ல."

"அழுக்கா இருக்கே."

"அழுக்கா இருக்குறத சமையலுக்கு வச்சிருங்க. சுத்தமா இருக்குறத மட்டும் அடைக்கு எடுங்க. ரொம்பப் பெருசும் வேணாம், ரொம்பச் சிறுசும் வேணாம்."

அவர் ஒவ்வொரு முட்டையையும் கையில் உருட்டி, கட்டைவிரலால் தடவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். பார்த்தார் என்று அவள் நினைத்தாள். அவர் தடவிக்கொண்டுதான் இருந்தார் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மற்றக் கோழிகள் வந்து புது முட்டையை இதோடு கலந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றிலும் கரியால் ஒரு கோடு போடச் சொன்னாள். அவர் போட்ட கோடுகளில் பாதி, முட்டையைத் தாண்டி அவர் விரலிலேயே விழுந்திருந்தன.

அதன்பின் டிரைவர் கோழிக் கொட்டகையே கதி என்று ஆனார். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கோழி இரை எடுக்க இறங்கியதா, தண்ணீர் குடித்ததா, மறுபடி ஏறி உட்கார்ந்ததா என்று வெளியே வந்து சொல்வார். அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் எழும். எழுந்ததும் மொத்தமாக ஒரு எச்சம் போடும். அந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் ஓடிவருவதைப் பார்த்து அவர்களுடைய மகள் சிரிப்பாள். கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் அவள். "அப்பாவுக்கு லீவு முடிஞ்சா போலீஸ்காரிதான் ரொம்ப வருத்தப்படும்," என்பாள்.

ஒரு வாரம் கழிந்ததும் முட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். கரு ஒட்டிய முட்டையில் சிலந்தி கால் பரப்பினது போல ரத்த நரம்பு ஓடியிருக்கும். ஒட்டாதது வெறும் மஞ்சள் வெளிச்சமாக நிற்கும். அது கூமுட்டை. விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். டிரைவர் கோழி இறங்கிய சமயம் முட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போனார். போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"பாதிக்கு மேல கூமுட்டை. மேனேஜர மாத்தணும். வேல பாக்கல அவன்."

"அவ்வளவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? நல்லத அடியில வச்சுட்டேன். மிச்சம் குப்பைக்குழி பக்கத்துல இருக்கு. மண்வெட்டி எங்க?"

மண்வெட்டி பக்கத்து வீட்டில் இருந்தது. அவர் வாங்கப் போனார். கோழிக்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஈட்டில் ஒன்றிரண்டு கூமுட்டை போவது உண்டு, பாதி போனதில்லை. குழி ஓரத்தில் கூடை இருந்தது. தொட்டாள். முட்டைகள் இன்னும் சூடாக இருந்தன. முந்தானையில் அள்ளிக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, டார்ச்சின்மேல் ஒன்றை நிறுத்திக் கையால் சுற்றி மறைத்தாள்.

முட்டை சிவந்து எரிந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து நாலாபக்கமும் நரம்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி துள்ளியது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அவர் ஒதுக்கியதில் ஒன்றே ஒன்றுதான் காலி. வேகவேகமாகக் கொட்டகைக்கு ஓடி எல்லாவற்றையும் தொட்டிக்குள் வைத்தாள். அவர் நல்லது என்று வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தாள். அதிலும் காலி முட்டைகள் கிடந்தன. மனுஷன் கையில் வந்ததை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டிருக்கிறார்.

அவர் மண்வெட்டியோடு வந்தபோது அவள் ஒரு முட்டையை நீட்டினாள். "உள்ள வாங்க. இதப் பாத்துச் சொல்லுங்க."

இருட்டில் டார்ச்மேல் முட்டையை வைத்து அவர் குனிந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பிறகு மறுபக்கம். கோழி தரையில் கிடப்பதை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்குமே, அந்த மாதிரி. "காலி," என்றார்.

"செவப்பா நரம்பு ஒண்ணும் தெரியலையா?"

"இருக்குற மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. இந்த டார்ச் மங்கல்."

முட்டையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அவர் கண் முட்டைக்கு அருகில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. "ஆமா, டார்ச்சுதான் சரியில்ல," என்று சொல்லி முட்டையை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றவாறே பொங்கவிட்டாள். இரை போடப் போய்ப் பாத்திரத்தோடு பாதி வழியில் நின்றாள். டீ டம்ளரை அவர் மேஜை விளிம்பில் பாதியும் காற்றில் பாதியுமாக வைத்தது, கரண்ட் பில்லை மகளிடம் கொடுத்து "நீயே படி, எழுத்துப் பொடிசா இருக்கு" என்றது, கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நிலையைத் திட்டியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.

ஒருநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். அவர் முகம் கழுவிவிட்டு வருகிற வழியில், இடது பக்கமாக, ஒரு ஸ்டூலை நகர்த்தி வைத்தாள். வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நேராக வந்தார். நேராகவே அதில் மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"யாரு இத இங்க வச்சது?"

"நான்தான். மறந்துட்டேன்," என்றாள். பஞ்சால் ரத்தத்தைத் துடைத்தாள். "இதுக்கு ஏன் நீ அழுவுற? சின்னக் காயம்," என்றார் அவர். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு நொண்டி வாத்து. தவிட்டு மூட்டைகள் கிடந்த மூலையைக் கிளறிக்கொண்டிருந்தது, வாயில் எதையோ கவ்விக்கொண்டு ஓடிவந்தது. மற்ற வாத்துகள் ஏதோ தின்பண்டம் என்று நினைத்துத் துரத்தின. வேலை முடிந்து அப்போதுதான் வந்த மகள், சிரித்துக்கொண்டே மறித்துப் பிடுங்கினாள். வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் காலிக் குப்பி. அதைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, இது கண்ணுல பிரஷர் இருக்குறவங்களுக்குப் போடுற சொட்டு மருந்து. இங்க எப்படி வந்துச்சு?"

"அப்படின்னா?"

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பக் காய வச்சிரும். பார்வ கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துலேர்ந்து போகும்மா. போனா வராது." பெண் குரலைத் தாழ்த்தினாள். "இது எங்க கடையில வாங்குனது இல்ல. எங்க கடைன்னா எனக்குத் தெரிஞ்சிரும்னு வேற எங்கயோ போயி வாங்கியிருக்காரு."

இருவரும் கோழிக் கொட்டகையைப் பார்த்தார்கள். கதவு உள்ளே சாத்தியிருந்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

கோழிக்காரம்மா போய்க் கதவைத் தள்ளினாள். டிரைவர் கூரையைப் பார்த்துத் தலையை அண்ணாந்து, ஒரு கண்ணை விரலால் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போலீஸ்காரி அவரைச் சட்டை செய்யாமல் அடையில் இருந்தது. மருந்து கன்னத்தில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள் அவள்.

அவர் கையிலிருந்த குப்பியை மூடினார். "மழை ஆரம்பிச்சப்பவே தெரியும். கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். எடது கண்ணு போனது போனதுதான், வலது கண்ணுல மிச்சம் இருக்குறத காப்பாத்திக்கங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?"

"அத நான் கேக்கல."

"கேக்காம எப்படிப்பா?" என்றாள் வாசலில் நின்ற மகள். "பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்களே."

"எனக்கு இந்த ஊர் ரோடு பூரா மனப்பாடம். எந்தப் பிள்ள எந்த வாசல்ல நிக்கும்னு தெரியும். கண்ண மூடிக்கிட்டுக்கூட..." சொல்ல வந்ததை அவரே நிறுத்திக்கொண்டார்.

"வேன் ஓனர்கிட்டப் போயிச் சொல்லுங்க. இன்னிக்கே," என்றாள் மனைவி.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு வீட்டுக்கு வாங்க."

"வீட்டுக்கு வந்து என்ன பண்ண? கோழிக்குக் காவல் இருக்கவா? ஒரு முட்டையப் பாத்து நல்லதா கெட்டதான்னுகூடச் சொல்லத் தெரியல எனக்கு. அதுவும் உனக்குத் தெரிஞ்சுபோச்சு." எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டார். "வண்டி ஒர்க்‌ஷாப்லேர்ந்து வரட்டும். ஒரு தடவ ஓட்டிப் பாக்குறேன். முடியலன்னு தோணுச்சுன்னா நானே போயிச் சொல்றேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் சரி என்றாள். சொன்ன நிமிஷமே சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

வண்டி வருவதாக இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பருவம் தப்பிய காற்று ஒன்று பகலெல்லாம் அடித்துத் தகரக் கூரையைத் தூக்கிப் போட்டது. புழுதி சோற்றில் விழுந்தது. கோழிக்காரம்மாவுக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. மாடி வீட்டில் ஒரு டீச்சர் இருந்தாள்; அவளுடைய சின்ன மகளும் அந்த வேனில்தான் போவாள். டீச்சர் முட்டை வாங்க வந்து, "லீவு எப்ப முடியும்னு இருக்குங்க, பிள்ளையச் சமாளிக்க முடியல," என்று சிரிப்பாள். கோழிக்காரம்மா முட்டையைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பாள். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். சொன்னால் கட்டின புருஷன் மூஞ்சியில் எப்படி முழிப்பது. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் மூஞ்சியில் எப்படி முழிப்பது.

போதாததற்குப் போலீஸ்காரிக்குக் கோழிப்பேன் பிடித்துக்கொண்டது. உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றது. முட்டை ஆறுவதும் சுடுவதுமாக இருந்தால் கரு செத்துவிடும். டிரைவர் சாம்பலைச் சலித்து எடுத்துவந்தார். கோழியை மடியில் மல்லாத்திப் போட்டு, இறகுக்குள் விரல்விட்டு வேர்வரை சாம்பலைத் தேய்த்தார். ஒரு பேன்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கை ஓர் இடம் விடவில்லை. வைக்கோலை எரித்துவிட்டுப் புதிதாகப் பரப்பினார். அன்று மாலையே கோழி அடங்கி உட்கார்ந்தது.

"நல்லாச் செஞ்சீங்க," என்றாள் அவள்.

"கோழிக்குத்தான் செய்ய முடியும் போல," என்றார். கேலியாகவா கசப்பாகவா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் வேன் வந்தது. மெக்கானிக் வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்து, "கிளட்ச் புதுசு, மெதுவா விடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். பெயின்ட் வாசனை தெருவெல்லாம் அடித்தது. டிரைவர் கதவைத் தொட்டார், பிறகு ஸ்டியரிங்கை. தலை சீவி, துவைத்த சட்டை போட்டிருந்தார். அவர் என்ஜினைக் கிளப்பியபோது மறுபக்கக் கதவைத் திறந்து அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நானும் வர்றேன். இத்தன வருஷத்துல ஒருநாளாவது இதுல ஏத்துனீங்களா?"

அவர் சிரித்தார். வண்டி நகர்ந்தது. ஒருபக்கம் சுவர், மறுபக்கம் வாய்க்கால் என்று இறுகிய தெருவில் ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோனார். கடைவீதி, மாவு மில், பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த் திரும்பினார். எங்கே குறைக்கவேண்டுமோ அங்கே குறைத்தார், எங்கே ஹாரன் கொடுக்கவேண்டுமோ கொடுத்தார். அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கி மனுஷனைப் பாடுபடுத்திவிட்டோமோ என்று நினைத்தாள். பிடித்திருந்த கம்பியை விட்டாள்.

தெருவுக்குள் திரும்பியபோது இடது பக்கம் சுவரோரமாக டீச்சர் மகள் நின்றிருந்தாள். வேனைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள். வழக்கமாக அவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துக் காட்டுவார். அடிக்கவில்லை. பெண் இன்னும் வேகமாக ஆட்டிக்கொண்டு சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். வண்டி அவள் பக்கமாகவே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க."

பிரேக் விழுந்தது. "என்ன?"

"எடது பக்கம் யாரு நிக்கிறா?"

"யாருமில்லையே."

"டிரைவர் மாமா," என்றது வெளியிலிருந்து குரல். "பெயின்ட் நல்லாருக்கு. எனக்கு ஜன்னல் சீட்டு."

அவர் உடம்பையே திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக் கம்பி அந்தப் பெண்ணின் தலைமுடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் என்ஜினை அணைத்தார். சாவியை எடுத்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

"பாப்பா, நீ வீட்டுக்குப் போ," என்றாள் கோழிக்காரம்மா. பெண் குதித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் ஒரு சைக்கிள்காரன் மணி அடித்தான்.

"வண்டி வழியில நிக்குதுங்க. நாலு வீடுதானே, கொண்டுபோயி விட்டுருங்க," என்றாள் அவரிடம்.

"மாட்டேன்," என்றார் அவர். "மெக்கானிக்கக் கூப்புடு. நான் இனி இத உருட்டமாட்டேன்."

அன்றே ஓனரிடம் போனார்கள். டயர் கடை வைத்திருக்கிறவர். கடைக்குள் ரப்பர் நாற்றம். டிரைவர் உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஓனர் முதலில் "அடடா, ஆபரேஷன் ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தார். பிறகு கேட்டார். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மழை ஆரம்பிச்சப்ப."

ஓனர் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "மழைக்காலம் பூரா ஓட்டுனீங்க. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு. என் பேரனும் அதுலதான் போனான்."

"ஆமாங்க."

"உங்கள நம்பித்தான் நான் ஒருநாள்கூட எட்டிப் பாக்கல."

கோழிக்காரம்மாவுக்கு, இந்த ஆள் இரண்டு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஓனர் திட்டவில்லை. மேஜையைக் காட்டி, "சாவிய அங்க வச்சுட்டுப் போங்க," என்றார். அவ்வளவுதான்.

மாலையில் டீச்சர் படியிறங்கி வந்தாள். "வண்டி ரொம்பப் பக்கத்துல வந்து நின்னுச்சுன்னு பாப்பா சொன்னா," என்று இழுத்தாள். கோழிக்காரம்மா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் டிரைவர் முன்னால் வந்துவிட்டார்.

"எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலம்மா. தெரியலன்னு தெரிஞ்சே ஓட்டிக்கிட்டு இருந்தேன். தப்பு என்னுதுதான்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பின்னால் நின்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அதற்கப்புறம் முட்டை வாங்க அவள் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைப்பாள்.

டிரைவர் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆனால் கால் மட்டும் ஓயவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தார். சொட்டு மருந்தை இப்போது முற்றத்தில் வைத்தே மகள் போட்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்க்க நாள் குறித்தாள். "பாத்து என்ன ஆகப்போகுது," என்றார். "இருக்குறது இருக்கும்ல," என்றாள் பெண். வாத்து முட்டைக்குக் கடைசி நாட்களில் ஈரப்பதம் வேண்டும். கோழி இறங்கும் சமயம் அவர் கையை வெந்நீரில் நனைத்து முட்டைகள்மேல் உதறிவிட்டார். அதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலை, கொட்டகைக்குள்ளிருந்து அவர் கூப்பிட்டார். கோழிக்காரம்மா போனபோது முட்டை ஒன்றைக் காதோடு வைத்துக்கொண்டு மண் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் கேக்குது. உள்ளேர்ந்து தட்டுது."

"முந்தாநாளே கேட்டிருக்கும். இந்தா, ஓட்டுல ஓட்ட விழுந்திருக்கு பாருங்க." அவர் விரலைப் பிடித்து ஓட்டையின் விளிம்பில் வைத்தாள். பிளவுக்குள்ளிருந்து ஈரமான அலகு ஒன்று விரலில் இடித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உடைச்சு விடவா? கஷ்டப்படுது."

"வேணாம். கோழிக்குஞ்சு மாதிரி சடார்னு வராது, வாத்து ஒரு பகல் பூரா எடுத்துக்கும். அவசரப்பட்டு உரிச்சா ரத்தம் போயி செத்துரும். கோழிக்கிட்டயே வச்சுருங்க."

அவர் முட்டையைப் போலீஸ்காரியின் இறகுக்கடியில் தள்ளிவைத்தார். தொட்டியின் அந்த ஓரத்தில் முந்திப் பொரிந்த குஞ்சு ஒன்று, ஈரம் காயாமல், கழுத்தைத் தூக்கவும் பலமின்றிக் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது விரலிடுக்கில் தலையை நுழைத்தது.

அப்போது தெரு முனையில் வேன் சத்தம் கேட்டது. புது டிரைவர். மாடியிலிருந்து டீச்சரும் மகளும் இறங்குகிற செருப்புச் சத்தம், கதவு இழுபடுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல். கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பியது. முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது.

டிரைவரின் முகம் குஞ்சின் பக்கமே இருந்தது. அவருடைய இடது பாதம் மட்டும் கொட்டகையின் மண் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது.

"மாத்து," என்றார் மெல்ல. "மாத்துடா."

தூரத்தில் உறுமல் இறங்கி, வண்டி அடுத்த கியருக்குப் போனது. அவர் பாதத்தை எடுத்தார். கோழிக்காரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் குஞ்சை அவளிடம் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.